ஓவனில் நான்கு பிளக்குகள்

அன்புள்ள உனக்கு,

நீ விற்கச் சொன்ன பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்க ஹேலிஃபாக்ஸிலிருந்து ஒருவர் வந்தார். வெளியே உறைபனி.

"பொறுங்க, இன்ஜின் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி ஓவன்ல சூடு பண்ணாத்தான் கிளம்பும்" என்றேன். பத்தொன்பது குளிர்காலமும் அப்படித்தானே செய்தாய்? அது சூடாகும்வரை என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பாய்.

அவர் சிரித்தார். "யாரும்மா சொன்னது? சோக்கை இழுத்தாப் போதும்."

முதல் தடவையே கிளம்பிவிட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு இது தெரியாதா, தெரிந்தேதான் செய்தாயா? அக்டோபரில் என்னை விட்டு உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோது, "இங்க என்னோட உக்காந்து பேச யாரு இருக்கா?" என்று கேட்டாயே!

அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நான்கு பிளக்குகளையும் நானே கழற்றி ஓவனில் வைத்திருக்கிறேன். எப்படித் திருப்பி மாட்டுவதென்றுதான் தெரியவில்லை. நீ வந்தால்தான் ஆகும்.

இன்னும்
உன் மனைவிதான்