கண்ணாடி தெளிந்த நாள்

ஜனவரி 14, 2025

பொங்கல். பால் பொங்கும் நேரம் பார்த்து ஒரு சாவு அழைப்பு. ஊரில் எல்லாருக்கும் பெருநாள் உண்டு, சவப்பெட்டிக் கடைக்காரர்களுக்குக் கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினோம்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டியை வைத்து சுவிட்சைத் தட்டியதும் மோட்டார் இருமியது. வேறு சொல் கிடைக்கவில்லை, இருமல்தான். என் அண்ணன் சன்னாசி கால்மாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. "பாத்தியா விமலா, ஓகே லா" என்றார். துக்க வீட்டில் சண்டை போட முடியாது என்ற தைரியம் அவருக்கு.

ஜனவரி 17

பழுது பார்க்கிற சீனக் கிழவரை அண்ணனுக்குச் சொல்லாமல் வரவழைத்தேன். குளிர் எவ்வளவு என்று காட்டும் முள் எப்போதோ செத்துப்போய்விட்டதாம். பச்சை விளக்குக்கு மின்சாரம் வருவது மட்டும்தான் தெரியும், உள்ளே குளிர் இருக்கிறதா என்று தெரியாது. குழாயெல்லாம் துரு. இந்த மாதிரிப் பெட்டிக்குச் சாமான் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். மாற்றிவிடு என்று மலாயில் திட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனிடம் சொன்னேன். "அப்பா வாங்குன பெட்டி. நம்ம ஊரு சிலிபின்லயே மொத ஐஸ் பெட்டி இது. இத்தன வருசத்துல யாராச்சும் எந்திரிச்சு வந்து கம்ப்ளேன் பண்ணாங்களா?"

சிரித்துவிட்டேன். அவரிடம் இதுதான் தொல்லை. பாதிச் சண்டையில் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுவார்.

முன்பு எங்களிடம் வேலை பார்த்த சுரேன் இப்போது சிம்பாங் பூலாயிலும் சித்தியவானிலும் சொந்தக் கடை வைத்திருக்கிறான். அவன் பெட்டியில் குளிர் குறைந்தால் அவன் கைப்பேசி கத்துமாம். அதையும் சொன்னேன். "பொணத்துக்கு எதுக்கு ஆப்?" என்றார் அண்ணன். கண்ணாடி வேர்த்திருந்தால் குளிர் இருக்கிறது, அவ்வளவுதான் அவர் கணக்கு. இத்தனை வருடமாக நானும் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன், பொய் சொல்வானேன்.

ஜனவரி 28

சீனப் பெருநாளுக்கு முந்தின நாள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற கதிரவேலு ஐயா காலையில் போய்விட்டார். மாரடைப்பு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒரே மகன் மதீசன், டொரோண்டோவில் இருக்கிறான். அங்கே பனி, இங்கே பெருநாள் கூட்டம், விமானத்தில் இடம் கிடைப்பதே பாடாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்து சேருவானாம்.

அண்ணன் முகம் மழித்தார், நான் மீசையைச் சீவிவிட்டேன். உதட்டின் ஒரு ஓரம் லேசாக ஏறியிருந்தது, யாரையோ மறுத்துப் பேசப் போகிறவர் மாதிரி. நல்ல முகம்.

அவர் மனைவி பூமணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, என்ட மகன் தகப்பன்ட முகத்தை ஒருக்காப் பாக்கோணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்ல."

"பாப்பாருக்கா. நாங்க இருக்கோம்" என்றேன்.

யார் சொல்லச் சொன்னது என்னை?

ஜனவரி 29

நாள் முழுக்கப் பட்டாசு. ஐயா இருக்கிற பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. வெள்ளி வரைக்கும் தாங்கு சாமி.

ஜனவரி 30

தூக்கம் வரவில்லை. எழுதினால் வரும் என்று எழுதுகிறேன்.

காலையில் நானும் எங்கள் வேன் ஓட்டும் சீனியும் போய்ப் பார்த்தோம். பூமணி அக்கா பெட்டியை விட்டு நகரவே இல்லை. இரண்டு நாளாக முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி வேர்த்துவிடும். இன்று அவர் துடைக்கவில்லை.

"இஞ்ச பார் பிள்ளை, இண்டைக்குத்தான் அவரின்ட முகம் வடிவாத் தெரியுது" என்றார்.

வந்திருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது எனக்கு. சந்தோஷம்! கண்ணாடி வேர்க்கவில்லை என்றால் உள்ளே குளிர் இல்லை — அது ஏன் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை? விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் அக்காவே கூப்பிட்டார். "பிள்ளை, பெட்டி குளிரேல்ல. தொட்டுப் பாத்தனான்."

அண்ணன், நான், சீனி மூன்று பேரும் ஓடினோம். கண்ணாடியில் கை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. ஐயாவின் கண்ணிமைகள் வீங்கத் தொடங்கியிருந்தன. இதற்கு மேல் முகத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

சீனக் கிழவர் பெருநாளுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார், பினாங்கு. ஐஸ் விற்கிற இடமெல்லாம் அடைப்பு. சீனி, பெருநாளிலும் திறந்திருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் இருந்த ஐஸை எல்லாம் மூட்டை கட்டி வாங்கி வந்தான். அண்ணன் கால்மாட்டில் தட்டினார். மறுபடி தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். "போதும்ணே" என்று சீனிதான் அவர் கையைப் பிடித்தான்.

அவரைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனேன். "சுரேனக் கூப்பிடுவோம்ணே."

"அவன்கிட்டயா? ஊரே சிரிக்கும்."

"அந்தப் புள்ள அப்பன் மொகத்தப் பாக்கணும். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போவட்டும்!"

அவர் பதில் சொல்லும் வரை நான் காத்திருக்கவில்லை, கைப்பேசியில் கூப்பிட்டுவிட்டேன். சுரேன் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இங்க இருக்கறது வெளிய போயிருக்குக்கா. சித்தியவான்ல ஒண்ணு இருக்கு. இப்பவே ஏத்தச் சொல்றேன்."

பெருநாள் நெரிசலில் அது வந்து சேர அந்தி சாய்ந்துவிட்டது. அதற்குள் உறவுக்காரர்கள் இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். பூமணி அக்கா எழுந்து நின்றார். "என்ட பிள்ளை வராமல் ஒருத்தரும் தொடப்படாது."

அப்போதுதான் ஒருவர், இது எப்படி இப்படி ஆனது என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"கால்மாட்டுல மாலையாக் குவிச்சு வச்சிட்டீங்க. காத்து போற வழி அடைச்சுப்போச்சு. மோட்டர் என்னா பண்ணும்?"

அந்த மாலைகள் பூமணி அக்கா வைத்தவை. அக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் மறுக்காமல்தான் நின்றேன். ஒருவேளை மாலைதானோ? எனக்கும் தெரியவில்லையே.

ஜனவரி 31

மதீசன் விமான நிலையத்தில் இருந்து நேராக வந்தான். செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே ஓடினான்.

புதுப் பெட்டியில் நல்ல குளிர். இனி இருந்து என்ன? போனது திரும்பாது. முகத்தை வெள்ளை வேட்டியால் மூடியிருந்தோம். அவன் விலக்கப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். "வேண்டாம் ராசா. நீ வச்சிருக்கிற முகமே இருக்கட்டும்."

அவனுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் கால்மாட்டுக்குப் போய், விரல் கட்டியிருந்த அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை. கத்தவில்லை. எங்களை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

பிப்ரவரி 6

கிழவர் திரும்பிவிட்டார். பழைய பெட்டியைத் திறந்து காட்டினார். துருப்பிடித்த குழாயில் ஓட்டை. குளிரவைக்கிற கேஸ் முழுக்க ஒழுகிப்போயிருக்கிறது. மாலை வைத்ததாலா என்று கேட்டேன். பூ என்ன செய்யும், வெளியே இருக்கிற பூ உள்ளே இருக்கிற குழாயையா ஓட்டை போடும் என்று என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். அண்ணனும் பக்கத்தில்தான் நின்றார்.

"அந்த அக்காகிட்ட சொல்லணும்ணே."

"இப்பச் சொல்லி என்னாவப் போவுது? ஆறுற புண்ண நோண்டாத."

யாருக்கு ஆறுகிறது?

பிப்ரவரி 19

புதுப் பெட்டி வந்துவிட்டது. அண்ணனே போய் வாங்கி வந்தார். சுரேன் நேரில் வந்து அண்ணன் கைப்பேசியில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். சும்மா மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அண்ணன் சட்டைப் பையில் இருந்து ஒரு கத்தல். தூக்கிவாரிப் போட்டது எல்லாருக்கும். சீனி விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை.

பெட்டியை மாற்றிவிட்டார். சொன்ன பேச்சை மாற்றவில்லை. நான் இரண்டு முறை அக்கா வீட்டுத் தெரு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். எனக்கு மட்டும் என்ன தைரியம் வழிகிறதாம்?

பிப்ரவரி 28

காலையில் கடையில் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணன் எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மதீசன். நேற்று முப்பத்தோராம் நாள் காரியம், அந்தியேட்டி, முடிந்ததாம்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அம்மா நேத்து அப்பா படத்துக்கு மாலை போடல. எவ்வளவு சொல்லியும் போடல. 'என்ட மாலையாலதான் அவரின்ட முகம் போச்சு'ன்னு அதையே சொல்றாங்க. அது உண்மையா?"

அண்ணனைப் பார்த்தேன். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல தம்பி" என்றேன். "பெட்டி பழசு. கேஸ் ஒழுகிப்போச்சு. மாத்தச் சொல்லி முன்னாடியே சொன்னாங்க, நாங்கதான் மாத்தல. அம்மாவோட மாலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

 மதீசன் விடவில்லை. "அப்ப அன்னைக்கு ஏன் அம்மாவச் சொன்னீங்க?"

 அண்ணன் கோப்பையை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"தம்பி, நான் சன்னாசி. அதச் சொன்னது நாந்தான். அம்மா வீட்டுல இருக்காங்களா?... இருக்கச் சொல்லுங்க. இப்ப வாரேன்."

சீனி வேனை எடுக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றுவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். நானும் வருகிறேன் என்று எழுந்தேன். நீ இரு என்றார்.

மத்தியானம் ஆகிறது. அண்ணன் இன்னும் வரவில்லை.