மீசைக்கார மாமாவின் உயரம்

பீஜிங்
மே 19

அன்புள்ள அல்லிக்கு,

அப்பா நலம், மாமாவும் நலம். கோயம்புத்தூரில் இருக்கும் ஞானவேல் மாமாவைச் சொல்லவில்லை, அவர் நலத்தை நீயே அடுத்த தெருவுக்குப் போய் விசாரித்துக்கொள். இங்கே சோபாவுக்கு அடியில் என் இடது கால் செருப்போடு படுத்திருக்கும் நான்கு கால் மாமாவைச் சொல்கிறேன். நீயும் அம்மாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், மாத்திரையை ஜன்னல் வழியாகத் துப்பும் பழக்கம் இன்னும் இருந்தால் இன்றோடு நிறுத்து. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நிற்பாள். இது முதலில் உனக்கு.

சுற்றி வளைக்கப் பிடிக்காது, நேராகச் சொல்கிறேன். ஒரு மாதமாக உன்னிடம் ஒன்றை மறைத்தேன். நீ போன் செய்யும்போதெல்லாம் மாமாவைக் காட்டு, நிற்க வைத்துக் காட்டு என்றாய், நானும் அவன் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்துக் காட்டினேன். காரணம், மாமா வளர்ந்துவிட்டான். மீசை வைத்த குட்டிச் சாதி நாய், இதற்குமேல் வளராது என்று சொல்லி விற்றவன் புண்ணியத்தில் இப்போது பின்னங்காலில் நின்று சாப்பாட்டு மேஜைமேல் தாடையை வைக்கிறான். இந்த ஊர் விதி உனக்குத் தெரியும், தரையிலிருந்து தோள்வரை முப்பத்தைந்து சென்டிமீட்டர், அதைத் தாண்டினால் நகருக்குள் வைத்துக்கொள்ள உரிமம் கிடையாது. போன வருடம் இருபத்தொன்பதுதான் இருந்தான். இந்த வருடம் புதுப்பிக்கப் போகும் முன்பு தொழிற்சாலையிலிருந்து உயரமானியைக் கொண்டுவந்து மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் முப்பத்தைந்து புள்ளி ஆறு. உன் அப்பாவின் வேலையே அளப்பதுதான், கையில் இருப்பது தப்பான கருவி என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவும் வழியில்லை. காலாண்டு விடுமுறைக்கு நீ வரும்போது மாமா இருப்பான் என்று விமான நிலையத்தில் உன் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தேன். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நம் வளாகத்துக் கெங் ஆயியிடம் போய்க் கேட்டேன். (அவரை ஆயி என்று கூப்பிடும்போதெல்லாம் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாயே, சீன மொழியில் அத்தை என்று அர்த்தம், போதும் சிரித்தது. கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு நாய்கள் போகும் ஆயியையும் அவர்தான் கண்காணிக்கிறார் என்பது தற்செயல்.) சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கேட்டவர், அளந்து பாக்குறவன் வேலைக்காரன், அளக்க விடாம பாத்துக்குறவன் புத்திசாலி, நீ ரெண்டும் இல்லடா இந்தியாக்காரத் தம்பி என்றார். பொண்டாட்டி ஊருக்குப் போனதுல இருந்து நாய்கூடப் பேசிக்கிட்டுத் திரியுற, அதுகிட்டயே கேளேன், கொஞ்சம் குனிஞ்சு நில்லுன்னு, என்று அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது திட்டமாகக் கேட்டது.

உன் மாமாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது, அது உன் வளர்ப்பு. அதனால் தமிழிலேயே புதிதாக ஒரு சொல் கற்றுக்கொடுத்தேன். பம்மு. பம்மு என்றால் நான்கு கால்களையும் லேசாக மடக்கி, பார்ப்பவருக்குத் தெரியாமல் இரண்டு சென்டிமீட்டர் இறங்கி நிற்க வேண்டும். இரண்டு வாரம், தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன்பு, அவித்த கோழி ஈரல். காற்றில் பஞ்சு பஞ்சாகப் பறக்கும் மரத்துப் பூவையெல்லாம் கடிக்கப் பாய்கிறவன், ஈரலைக் கண்டதும் ஐந்தே நாளில் பாடத்தைப் பிடித்துக்கொண்டான். நீ வாய்ப்பாடு படித்த வேகத்தை நினைத்துப் பார்த்தேன், மேலே எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன், பேச்சுத் துணைக்குக் கெங் ஆயியும் வந்தார். என் பையில் ஊருக்கு வெளியே பீச் பழத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் விலாசம் இருந்தது, எதற்கென்று உனக்கே புரியும். உரிமம் கொடுக்கும் பெண் அதிகாரிக்கு உன் பவானி சித்தி வயதுதான் இருக்கும், நாயின் பெயர் என்ன என்று கேட்டார். மாமா என்றேன், சீனத்தில் அதற்கு அம்மா என்று அர்த்தம் என்பதை மறந்துவிட்டு. எழுதுவதை நிறுத்திவிட்டு, நாய்க்கு அம்மான்னு பேரு வச்சிருக்கீங்களா என்றார். ஒரு வருஷத்துக்கு மேலா தோட்டத்துல நின்னு அம்மா அம்மான்னு கத்துறான், நாங்க மொதல்ல பாவம் ஊர் ஞாபகத்துல அழுவுறான்னுல்ல நெனச்சோம் என்று ஆயி எடுத்துக்கொடுத்தார். எங்கள் மொழியில் அம்மாவின் தம்பி, அவருக்கும் இதே மீசை என்று விளக்கினேன். உன் மாமாவின் புகைப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். இதை ஞானவேலிடம் சொல்லாதே.

பிறகு அளவுச் சட்டத்தின் பக்கத்தில் மாமாவை நிறுத்தினார்கள். நான் குனிந்து காதருகே பம்மு என்றேன். என்ன அழகாகப் பம்மினான் தெரியுமா, முப்பத்து மூன்றரை! அந்த அம்மாள் பேனாவை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு இளம் காவலர் தேநீர்க் குடுவையோடு வந்தார். மீசையைப் பார்த்தார். இந்த ஊர்க்காரர்கள் அழகான எதையாவது பார்த்தால் என்ன சொல்வார்கள்? வா! அவர்களுக்கு அது அடேயப்பா, நம் மாமாவுக்கு அது வா. பூங்காவில் அந்நியர் மடியிலெல்லாம் இவன் ஏறி உட்காருவது இதனால்தானே. ஒரே பாய்ச்சல், முன்னங்கால் இரண்டும் காவலரின் பெல்ட்டில், தேநீர் தரையில், என் இரண்டு வார உழைப்பு அதற்குப் பக்கத்தில்.

மாமாவைச் சட்டத்தருகே இழுத்து வந்து மறுபடியும் பம்மு என்றேன், அதிகாரி என்னைப் பார்த்தார். இப்பத்தான ஒழுங்கா நின்னுச்சு, அதென்ன உங்க நாய் திருடன் மாதிரி ஒடுங்கி நிக்குது என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே கெங் ஆயி, எப்படி நிக்காம இருக்கும், ரெண்டு வாரமா கோழி ஈரலக் குடுத்துக் கூனப் பழக்கியிருக்கான், நானே ஜன்னல்ல இருந்து பாத்தேனே என்று போட்டுக் கொடுத்துவிட்டார். பேச்சுத் துணைக்கு அழைத்துப் போனதன் பலன். மூவரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. சிரித்து முடித்து அதிகாரி, இனிமே நீங்க வாயே தொறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, காவலரை விட்டு மாமாவை நேராக, முழு உயரத்துக்கு நிறுத்தச் சொன்னார். எனக்கு எண் தெரியும், முப்பத்தைந்து புள்ளி ஆறு. பைக்குள் கைவிட்டு அந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன்.

அவர் சட்டத்தைத் தோள்மேல் வைத்தார். வைத்துவிட்டு அழுத்தினார். புசுபுசுவென்று நின்ற முடி படிந்து, சட்டம் எலும்பில் போய் உட்கார்ந்தது. முப்பத்து நாலு புள்ளி எட்டு என்று படித்துவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார். வீட்டுல முடியோட சேத்தா அளந்தீங்க, நீங்க என்ன வேல பாக்குறீங்க என்று கேட்டார். அளவு சரிபார்க்கும் பொறியாளர் என்று நான் சொல்லவில்லை, கெங் ஆயி சொல்லிவிட்டார். மயிரிழை கூடினாலே இரும்புத் துண்டைத் தூக்கி எறிகிற நான், எட்டு மில்லிமீட்டர் மயிரையே உயரத்தோடு சேர்த்து அளந்திருக்கிறேன். மாமா மயிரிழையில் தப்பினான் என்று யாராவது சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை, கணக்கு. ஆயி இந்தக் கதையை வளாகத்தில் ஒவ்வொரு மாடியாகச் சொல்லி முடித்து, இப்போது பதினாறாவது மாடியில் இருக்கிறார்.

ஆகையால் அப்பா செய்ததை நீ செய்யாதே. பொய் சொல்லக் கூடாது என்பதற்காக மட்டும் இல்லை, பொய்க்கு இறங்கும் முன்பு ஒழுங்காக ஒரு தடவை அளந்து பார்த்தால் பாதிப் பொய் தேவைப்படாது. பின்னக் கணக்கு விடைத்தாளைத் திருத்தி அம்மாவிடம் காட்டினாயாமே, எனக்குச் செய்தி வந்துவிட்டது. மதிப்பெண் குறைந்தால் குறைந்ததையே காட்டு. தயிர்ச்சாதத்தைத் தட்டுக்கு அடியில் ஒளிக்காதே. உரிமத்தில் பெயர் இருக்கும் இடத்தில் சீன எழுத்தில் அம்மா என்றே அச்சாகிவிட்டது, மாற்ற இன்னொரு நாள் அலைய வேண்டும், நான் போகப் போவதில்லை. உன் அம்மா சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருக்கும்போது பார்த்து நீயே சொல்லிவிடு.

இன்னும் ஒன்று. இந்த ஊரில் நாள் முழுக்க வழியில் போகிறவர்களெல்லாம் வா வா என்கிறார்கள், இவனும் ஒவ்வொருவரிடமும் ஓடுகிறான், போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கதவுப் பக்கமாகப் படுத்துக்கொள்கிறான். அவர்கள் யாரும் அவனைக் கூப்பிடவில்லை என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது. செப்டம்பர் கடைசியில் நீ கதவைத் திறந்து, கூப்பிடுகிற வாவாக ஒரு வா சொல். அதுவரை முப்பத்தைந்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக விளையாடி, எந்த அளவுச் சட்டத்துக்கும் பம்மாமல் நிமிர்ந்து வளர அப்பாவின் ஆசிகள். வரும்போது ஞானவேல் மாமாவின் மீசைச் சீப்பு ஒன்றை மறக்காமல் எடுத்து வா, கேட்டுவிட்டு எடு.

உன் அன்பு அப்பா,
இளம்பரிதி
(பக்கத்தில் இருப்பது மாமாவின் கால் தடம், அவனாகவே வைத்தது)