றொபின்சன் அப்பப்பாவின் திவசம்

மாஸி, ஒக்லாந்து, நியூசிலாந்து

அன்பு மகன் ஆரணனுக்கு அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்தைப் பிள்ளையாரிடம் ஒப்படைத்துவிட்டு இருக்கிறோம். பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே ராசா. அங்கே அமெரிக்காவில் திடலில் சனம் உன்னைப் பார்த்து வீட்டை போடா என்று கத்துகிறது, பேஸ்போலும் வேண்டாம் ஒஹாயோவும் வேண்டாம், திரும்பி வரட்டோ என்று நீ கேட்டதை வாசித்த அன்றே வா என்று எழுத உட்கார்ந்தேன். எந்த வீட்டை, மாஸிக்கோ, அவங்களுக்கு மாஸி எங்கை இருக்கெண்டு தெரியுமே என்று அப்பா கேட்டார். அதற்குள் இங்கே ஒரு கூத்து நடந்து, எழுதியது பாதியில் நின்றது.

உன் அறையில் நீ மாட்டிவிட்டுப் போன அந்தக் காலத்துப் பேஸ்போல்காரர் ஜாக்கி றொபின்சனின் கறுப்பு வெள்ளைப் படத்தை, உன் கடிதம் வந்த பிறகு சாமித் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து விளக்கேற்றத் தொடங்கினேன். இருபது வயதில் உன்னைப் பெற்று, உன்னை வளர்த்தபடியே கம்பஸில் புள்ளிவிபரவியல் படித்தவள் செய்கிற வேலையா என்று சிரிக்காதே, பந்து உன் தலையில் பட்டுவிடுமோ என்ற பயத்துக்குப் படிப்பு உதவாது. வெள்ளிக்கிழமை கிளென்ஃபீல்டிலிருந்து நவரத்தினம் மாமாவும் ஸ்வர்ணா மாமியும் வந்தார்கள். எங்கள் சனத்தின் எல்லாத் திவசத்துக்கும் தேவாரம் படிக்கிற மாமா, படத்தைக் கண்டதும் கைகூப்பிவிட்டார். உன் அப்பப்பாவின் படம் ஒன்றுகூட இடப்பெயர்வில் மிஞ்சவில்லை என்பது அவருக்குத் தெரியும். கடைசியிலை கிடைச்சிட்டுதே பிள்ளை, மூக்கு அப்பிடியே ஆரணன்தான் என்று அழுதார். அழுகிற மனிதரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது, ஓம் என்றேன். தொப்பியில் அவருடைய அணிக்கிருந்த இங்கிலிஷ் பி எழுத்தைக் கண்டு, பி எண்டால் பற்றிக்கலோ, மட்டக்களப்பு பஸ் டிப்போவிலையோ வேலை என்றார், அதற்கும் ஓம். பேரைக் கேட்டபோது றொபின்சன் என்று உண்மை வாயில் வந்துவிட்டது. ஓ, கிறிஸ்தவப் பேர், வேதக்காரரே, அதுதான் ஜனா தேப்பனைப் பற்றிக் கதைக்கிறேல்லை என்று உன் அப்பாவைச் சொல்லி மாமி தலையாட்டினார். திவசம் செய்யவென்று செத்த திகதி கேட்டார்கள். அவர் முதன்முதல் பெரிய லீக்கில் இறங்கிய ஏப்ரல் பதினைந்துதான் எனக்கு மனப்பாடம், அதைச் சொன்னேன். அது அடுத்த கிழமையே வந்து நின்றது.

அன்றைக்கு மாமி வடை, பாயாசத்தோடு, வேதக்காரருக்கென்று ஒரு பட்டர் கேக்கும் கொண்டுவந்தார். தேவாரம் நடுவில், ஒன்றும் அறியாத அப்பா வேலையால் வந்து, இதென்ன, ஜாக்கி றொபின்சனுக்கு ஆர் மாலை போட்டது என்று கேட்டார். தேவாரம் நின்றது. அப்ப இந்த மனுசன் ஆர் என்று மாமா என்னைப் பார்த்தார். சொன்னேன். தகப்பன் விட்டுப்போன ஐந்து பிள்ளைகளைத் தாய் பிறர் வீட்டில் வேலை செய்து வளர்த்தது, நெடுங்காலம் வெள்ளையர் மட்டுமே ஆடிய லீக்கில் இந்தக் கறுப்பு மகன் தனியாக இறங்கியது, தலைக்கே பந்தை எறிந்தும் ஹோட்டல்கள் அறை தராமல் விட்டும், திருப்பிப் பேசமாட்டேன் என்று அணி நிர்வாகிக்குக் கொடுத்த வாக்குக்காக வாயைக் கட்டிக்கொண்டு அடித்து ஓடியது எல்லாம். மாமி கையிலிருந்த வடையைக் கீழே வைத்து, பிள்ளையைச் சனம் அப்பிடிக் கத்தேக்கை அந்தத் தாய் என்ன செய்தவ என்று கேட்டார். எவ்வளவோ வாசித்தேன் ராசா, அது மட்டும் எனக்குத் தெரியவில்லை. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தொடங்கின திவசத்தைப் பாதியிலை விடேலாது, ஜனா, வந்து இரு என்றார். அப்பா சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார், முடியும்போது சிரிக்கவில்லை. தன் தகப்பனுக்கு ஒருநாளும் செய்யக் கிடைக்காத மனிதர். படையலை வேலிக்கரையில் வைத்தோம், காகமில்லாத இந்த ஊரில் காகத்துக்கு எங்கே போவது, மைனாக்கள் வந்து கேக்கை மட்டும் தின்றுவிட்டுப் போயின.

வர நினைத்தால் வா, உன் கட்டில் விரித்தபடி இருக்கிறது. விளையாட்டு அலுத்தால் வா, அவர்கள் போ என்றதற்காக வராதே. வாயை மூடிக்கொண்டிரு என்றும் சொல்லமாட்டேன், றொபின்சனும் சில வருடம் பொறுத்துவிட்டுப் பிறகு திருப்பிக் கதைத்தவர்தான். மாமா கிளென்ஃபீல்டில் ஒருவரிடமும் கதையைத் திருத்தவில்லை, அவர் உன் அப்பப்பாதான் என்று நிற்கிறார். உனக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கத்தினால், இது என்ரை அப்பப்பா விளையாடின விளையாட்டு என்று சொல்லு. சாட்சிக்கு மாமா இருக்கிறார்.

பிள்ளையாரும் பக்கத்தில் இருக்கிறவரும் உன்னைக் காக்கட்டும். ஹெல்மெட்டைக் கழற்றாதே.

உன் அம்மா
லோஜனா