கையில் வாங்கிய அப்பம்

என் செல்லத் தம்பி அந்தோணிக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் முடித்து வந்தவன், பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன் மனைவி ரோசி வைத்த கருவாட்டுக் குழம்பும் எண்ணெயும்தான் உன்னைக் கொன்றன என்று துக்க வீட்டிலேயே சொன்னேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. இருப்பது ஒரே தெருவில்.

போன மாதம் ஞாயிறு பேப்பரில் ஒரு செய்தி. இதய ரத்தக் குழாயை அடைக்கிற படிவுக்குள் வாயில் வாழும் கிருமிகளைக் கண்டிருக்கிறார்களாம். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டியே படிக்கக் கற்றவள் நான். நாலு முறை படித்தேன். பல்லிடுக்கில் கிராம்பை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போவாயே! வருடா வருடம் கம்பெனியில் எடை பார்த்தார்கள், கண் பார்த்தார்கள். வாயைத் திற என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

அந்தக் காகிதத்தோடு தண்டலத்துப் பல் டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். சின்னப் பெண்தான். "தொடர்பு இருக்குன்னு தெரியுதும்மா. அதுதான் காரணம்னு இன்னும் நிரூபிக்கல. உங்க தம்பி பீடி புடிப்பாரா?" என்றாள். பிடிப்பாய். அதற்காக நான் விட்டுவிடுவேனா?

"அப்போ ஈறு கெட்டா பரவால்லைன்றியா?"

"யாரு சொன்னா? வலிக்காதப்பவே வந்து காட்டுங்கன்னுதான் கத்துறோம்."

இந்த ஞாயிறு பூசையில் ரோசி எனக்கு முன்னால் நின்றாள். சாமியார் நற்கருணை அப்பம் கொடுக்கையில் நாக்கை நீட்டாமல் கையை நீட்டினாள். உன்னைப் போலவே. கையில் வாங்குவது மரியாதையில்லை என்று கோவில் வாசலில் பத்துப் பேர் முன்னால் உன்னைத் திட்டினேனே, நினைவிருக்கிறதா? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அப்பம் வாங்கித் திரும்பிய ரோசி கைக்குட்டையால் வாயை ஒற்றினாள். அதில் சிவப்பு.

பூசை முடிந்ததும் அவளை வாசலில் மறித்தேன்.

"ரோசி, வாயைக் காட்டு."

"இன்னா அண்ணி, ரெண்டு வருசம் பேசாதவங்க என் பல்லை எண்ண வந்துகிறீங்களா?"

"எத்தினி நாளா ரத்தம்?"

"வருது, போவுது. அவருக்கும் இப்படித்தான். வாய் நாறுதுன்னு சாமியார்கிட்ட நாக்கை நீட்டவே கூசுவாரு. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத, ஊர கூட்டிடும்னாரு."

ஊரைக் கூட்டியிருப்பேன்தான். ஆனால் உன்னை டாக்டரிடமும் இழுத்துக்கொண்டு போயிருப்பேனே, தம்பி. ரத்தம் வந்ததை ஏன் மறைத்தாய்? அப்படியா பயமுறுத்தி வைத்திருந்தேன் உன்னை?

நேரே போய்க் கேட்டேன்; ரோசியைக் கூட்டிக்கொண்டு புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள் டாக்டர். அன்று ரோசிக்கு லீவு. அதுவரை, தன் வீட்டு மாடிப்படி ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்குகிறதா என்று ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் ஆகாது, இல்லையா?

ரோசி ஒரு நிபந்தனை போட்டாள். "மொதல்ல நீங்க அந்த நாற்காலில உக்காருங்க. அப்புறம்தான் நானு." கெட்டிக்காரி. என் கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. நான் யாருக்கும் காட்டியதில்லை.

காட்டுகிறேன் அந்தோணி. முதலில் என் வாயைத் திறக்கிறேன். அவள் வாயைக் காட்டாமல் அவளை வீடு திரும்ப விடமாட்டேன். இது சத்தியம்.

நீ பயந்த உன் அக்கா,
மதலேனம்மாள்