ஊசி மருந்து கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். விஷயத்தை முதலில் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த பன்றிக் காய்ச்சல் ஊசி வேலை செய்கிறதடா! போட்ட பன்றிகள் எல்லாம் பிழைத்து நிற்கின்றன. தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு, கூட்டப் போகிறவரின் பூட்ஸைக் கடித்து, தீனிக்குக் கொஞ்சம் தாமதமானால் காது கிழியக் கத்துகின்றன. போனில் சொல்லியிருக்கலாம். நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் கத்துவேன். அதனால் கடிதம்.

சென்ற வருடம் எங்கள் ஊசி மண்ணைக் கவ்வியது உனக்குத் தெரியும். ஏன் என்று உன்னிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. பன்றியைக் கொல்ல இந்தக் காய்ச்சல் கிருமிக்கு உதவும் மரபணு எது என்று கண்டுபிடித்து, அதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் கிருமியை உயிரோடு ஊசியில் ஏற்றுகிறோம். பன்றியின் உடம்பு அதோடு சண்டை போட்டுப் பழகிக்கொண்டால், அசல் வரும்போது அடித்து விரட்டும். நாங்கள் பயத்தில் ஒன்றுக்கு இரண்டாக வெட்டிவிட்டோம். கிருமி நோஞ்சானாகி, பன்றியின் உடம்பு அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அசல் வந்ததும் அத்தனையும் செத்தன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள். நாங்கள் அளவுக்கு மிஞ்சி வெட்டியதில் நஞ்சே தண்ணீராகிவிட்டது.

இந்த முறை ஒரே ஒரு மரபணு. எதை எடுப்பது என்று சண்டை போட்டு ஜெயித்தது நான்தான். பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்.

ஊசி போட்டவை ஒரு கொட்டிலில், போடாதவை பக்கத்துக் கொட்டிலில். இரண்டுக்கும் அசல் கிருமியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். மறுநாள் எல்லாமே நன்றாக இருந்தன. அதற்கடுத்த நாளும் அப்படியே. போடாதவையும் நன்றாக இருந்தால், நாங்கள் கொடுத்தது செத்த கிருமி என்று அர்த்தம், உழைப்பெல்லாம் வீண். எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மாமா, "பன்னிக்குக் காய்ச்சல் வரலையேன்னு அழுற ஒரே பொம்பள உலகத்துலயே நீதான்" என்றார்.

பிறகு ஒரு காலையில் கொட்டிலுக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் எங்கள் கால்நடை மருத்துவர் அலறினார்: "படுத்துடுச்சு! ஊசி போடாதது எல்லாம் படுத்துடுச்சு!" நாங்கள் கைதட்டினோம். சிடுமூஞ்சி என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் எங்கள் தலைவர் மேஜையைத் தட்டித் தாளம் போட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது, காதெல்லாம் நீலம் பாய்ந்து. மனசு சுருக்கென்றது. ஆனாலும் சந்தோஷம் அடங்கவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். நோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை வந்துவிட்டது, அங்கே குழி வெட்டிப் புதைக்கிறார்கள், உனக்குத் தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், "அதான் பல்லப் புடுங்கின பாம்பாச்சே அக்கா, சாப்பாட்டுப் பையில ஒரு பாட்டில் போட்டு அனுப்பு, யாருக்குத் தெரியப்போகுது" என்று கேட்டிருக்கிறாய். அந்த வார்த்தை என்னுடையதுதான். போன கடிதத்தில் பெருமையாக நான் எழுதியதை வைத்தே என்னை மடக்கப் பார்க்கிறாய்.

பாம்புக்குப் பல் மறுபடியும் முளைக்குமடா. எங்கள் கிருமி உயிருள்ளது. ஒரு பன்றியிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்குப் போகப் போக, இழந்ததைத் தேடிக்கொள்ளுமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். சினைப் பன்றிக்குப் போட்டால் குட்டி தங்குமா என்பதும் தெரியாது. உன் கொட்டிலில் அதற்குப் பல் முளைத்தால் வேலியைத் தாண்டி ஊர் முழுக்கப் போகும். முடியாது என்று சாக்குச் சொல்ல மாட்டேன். முடிந்தாலும் தர மாட்டேன். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் அழுதுவிட்டு வந்தேன். கையில் மருந்தை வைத்துக்கொண்டு தம்பியை வேடிக்கை பார்க்கிறாள் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

சொல்வதைக் கேள். வியாபாரி வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. போன வாரம் உன் வீட்டுக்காரி தரகரைத் தெருவிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாளாமே, அவள் புத்திசாலி. அவள் சொல்படி நட. ஓட்டல் மிச்சத்தைத் தீனியில் கலக்காதே. கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள். ஒன்று தீனி எடுக்காமல் படுத்தாலும் மறைக்காதே, அவசரமாக விற்றுத் தள்ளாதே. முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடு, அப்புறம் என்னை.

இன்னொன்று. இந்தக் கிருமியைத் தொடுகிறவர்கள் பன்றி இருக்கிற வீட்டில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் இடத்துச் சட்டம். அதனால்தான் நீ வீடு கட்டியபோதும் வரவில்லை, சின்னவள் பிறந்தபோதும் வரவில்லை; போட்டோவில்தான் கொஞ்சினேன். நீ கோபித்துக்கொண்டு பேசாமல்கூட இருந்தாய். நான் உன் வாசலில் வந்து நிற்கும் நாள் ஒன்று வந்தால், உன் கொட்டிலில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று அர்த்தம். அப்படி ஒன்று நடந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவேன், சத்தியம். ஆனால் சின்னவள் அத்தை எப்போது வருவாள் என்று கேட்டால், இப்போதைக்கு வரவே வேண்டாம் என்று சாமியிடம் கேட்டுக்கொள்ளச் சொல்.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். நான் வராமலே இருக்கும்படி பார்த்துக்கொள், தம்பி.

என்றும் உன்,
அக்கா