நறுநீரிக்கு வளைகாப்பு

தண்குடை நிழலில் குடிகளைக் காக்கும் செங்கழனி நாட்டு வேந்தர் இளவேங்கையாரின் திருவடிகளுக்கு, அமைச்சன் பூதங்கண்ணன் வணங்கி வரையும் ஓலை. தங்கள் கொற்றம் ஓங்குக! சூல் தாங்கிய அரசியார் நலமே வாழ்க! ஐயனே, எழுத்து கோணலாயிருப்பின் பொறுத்தருள்க. என் வலக்கையில் முழங்கைவரை வளையல்கள் கிடந்து குலுங்குகின்றன.

நறுநீரி ஆற்றங்கரையைச் சாயவணிகர்க்கு அளித்து, பட்டறைகளுக்கு அடிக்கல் நாட்டி வருமாறு என்னை அனுப்பினீர்கள். வந்து பார்த்தால், அடடா, கரையெங்கும் திருவிழா! நாணல்தோறும் கண்ணாடி வளையல் கட்டியிருந்தார்கள். அண்டா அண்டாவாகப் புளிச்சோறு மணத்தது. புதுவெள்ளம் வந்தால் ஆறு சூல்கொண்டாள் என்று வளைகாப்பிடுவது இவ்வூர் வழக்கமாம்.

பரிசலோட்டும் வேம்பி என்பாள் முன்வந்து பணிந்தாள். சாயநீர் கலந்தால் மீனும் சாகும், வயலும் சாகும் என்றாள். ஆயினும் அதற்காக ஊரார் வழக்காட வரவில்லை என்றாள். கருவுற்றவள் இருக்குமிடத்தில் மகவு பிறக்கும்வரை கடப்பாரை ஒலிக்கலாகாதென்று, அரசியார் பொருட்டு நாடெங்கும் பறையறைவித்தவர் மன்னரே என்றும், அவ்வாணையை மீற ஊரார்க்குத் துணிவில்லை என்றும் கூறினாள். துணிவில்லையாம்! சிரிப்பை அடக்க மாட்டாமல் நான் மேலாடையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வணிகர் தலைவர் பொன்னரையர், பேறுகாலம்வரை காத்திருப்பதாகப் பெருந்தன்மையோடு மொழிந்தார். அறுவடையே பேறு என்றும், அதன்பின் பச்சையுடம்பு என்றும், உடம்பு தேறுமுன் அடுத்த வெள்ளம் வந்துவிடும் என்றும் பெண்கள் விளக்கினர். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அடிக்கல்லின்மேலேயே தொப்பென்று அமர்ந்துவிட்டார். அவருக்கும் புளிச்சோறு படைத்தார்கள். கேட்டு வாங்கி உண்டார்.

அப்பால், ஆற்றின் சார்பில் வளையலுக்குக் கைநீட்ட ஒருவர் வேண்டுமென்றனர். தங்கள் வலக்கை என்று என்னைத் தாங்களே அவையில் அழைப்பதுண்டல்லவா? நீட்டிவிட்டேன்! இனிக் கழற்றலாகாதாம்.

இவ்வோலையோடு ஒரு குடம் ஆற்றுநீர் வருகின்றது. அரசியாருக்குப் பிறக்கவிருக்கும் குழந்தையின் முதல் நீராட்டுக்கென வேம்பி தன் கையால் மொண்டு தந்தது. தெளிந்த நீர், ஐயனே. அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் தெரிகிறது. சாயம் கலந்தபின் எந்த நீரில் நம் பிள்ளையை நீராட்டுவோம் என்று நினைத்ததும் என் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஆகவே, தாங்கள் அளித்த முத்திரை மோதிரத்தின் துணிவில், கரைநிலக் கொடை இன்றே ஒழிந்ததென்றும், நறுநீரிக் கரையில் எக்காலத்தும் பட்டறை எழலாகாதென்றும் தங்கள் பெயரால் ஆணையிட்டு, இலச்சினையும் பொறித்துவிட்டேன். கேளாமல் செய்தது குற்றமெனில் என் தலையைக் கொள்க. கையை மட்டும் விட்டுவிடுக. அது இப்போது ஆற்றினுடையது.