யாரை என்று எழுதாத கட்டளை

டுலூத், ஏப்ரல் 28

என் பிடிவாதக்காரனுக்கு,

ஏரியில் பனி உருகிவிட்டது. மீன் பிடிக்கப் பனிமேல் நீ போட்ட குடிசையைக் கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். குடிசையை மட்டும்; உன்னை இன்னும் ஏரியில் தேடுகிறார்கள்.

வேலை பார்த்த ஆலை மூடியதும் நாம் சேர்ந்த இரண்டு வருடக் கணினிப் படிப்பில் இன்னும் ஒரு பருவம் பாக்கி. உன் நாற்காலியில் என் பையை வைத்துக்கொள்கிறேன்.

நேற்று ஹல்ஸ்ட்ரோம் சார் கணினியில் உள்ள வகுப்பு வருகைப் பட்டியலைப் பயிற்சிக்குக் கொடுத்தார். "வராதவர் பேரை மட்டும் அழிச்சிடுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வழக்கம்போல், யாரை என்று எழுத மறந்து அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். நீ இருந்திருந்தால், "அடியே, யாரைன்னு சொல்லலைன்னா மொத்தப் பேரையும் அழிச்சிடும்டி!" என்று கையைப் பிடித்திருப்பாய்.

பட்டியலில் எல்லோர் பெயரும் போய்விட்டது. உன் பெயர் மட்டும் நின்றது. சார் மூன்று முறை அழித்துப் பார்த்தார். "யாரும்மா இதைத் தொட்டது?" என்றார். உன் பெயருக்கு நேரே, அன்றைய வருகைக் கட்டத்தில், 'வந்திருக்கிறார்' என்று இருந்தது.

நாற்காலியிலிருந்து பையை எடுத்தேன். அதன் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

இப்படிக்கு,
உன் பக்கத்து இருக்கைக்காரி